சாம்சங் என்ற பெயருக்காக மட்டும் மகளைக் கொரியாவுக்கு அனுப்பலாமா?

அம்மா, மகள் கொரியாவில் எம்.எஸ். படித்து சாம்சங்கில் சேர விரும்புவதைப் பற்றிய உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கும் கம்பெனியை நம்பி மகளை அனுப்பலாமா என்பது ஒன்று. மொழி தெரியாத ஊரில் அவள் தனியாகத் தவிப்பாளோ என்பது இன்னொன்று. முதல் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு இப்போதே, அவள் இ.சி.இ. மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே, ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாம்சங், எஸ்.கே, ஹூண்டாய், எல்.ஜி, லோட்டே போன்ற குடும்பக் குழுமங்களைக் கொரியாவில் சேபோல் என்பார்கள். 1960களில் அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியில் ஏற்றுமதி இலக்கை எட்டிய குடும்பங்களுக்கு வங்கிக் கடன் மலிவாகக் கிடைத்தது. இன்றைய பெரிய குழுமங்கள் பல அப்படித்தான் விரிந்தன. ஆனால் கம்பெனி முழுவதும் முதலாளியின் சொத்து என்று நினைக்காதீர்கள். குடும்பம் நேரடியாக வைத்திருக்கும் பங்கு பெரும்பாலும் கொஞ்சம்தான். சாம்சங்கில் லீ குடும்பத்தின் பிடி சாம்சங் சி அண்ட் டி என்ற கம்பெனியில் இருக்கிறது. அது சாம்சங் ஆயுள் காப்பீட்டில் பங்கு வைத்திருக்கிறது, காப்பீட்டு நிறுவனம் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸில் பங்கு வைத்திருக்கிறது. குடும்பத்துக்குள் வரும் வழக்குகளும் வாரிசுச் சண்டைகளும் பெரும்பாலும் இந்தச் சங்கிலியை யார் பிடிப்பது என்பதைப் பற்றியவை. சர்க்யூட் வடிவமைக்கும் இன்ஜினியரின் மேசை வரை அது அபூர்வமாகத்தான் வரும்.

"முதலாளியே ஜெயிலுக்குப் போகிறாரே" என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். சாம்சங்கின் லீ ஜே-யோங் 2017 பிப்ரவரியில் லஞ்ச வழக்கில் கைதாகி ஒரு வருடம் சிறையில் இருந்தார். 2021இல் மறுபடியும் உள்ளே போனார், 2022 ஆகஸ்ட்டில் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. பணக்காரர்களுக்கு ஒரு நீதியா என்று கொரிய மக்களே கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சிறையில் இருந்த 2017இல்தான் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் அதுவரை காணாத லாபம் ஈட்டியது. சிப் விற்பனையில் இன்டெலை முந்தியதும் அதே வருடம்தான்.

வேலை போகும் ஆபத்து கம்பெனியின் கடன் பக்கத்திலிருந்து வரும். தேவூ ஒரு காலத்தில் நாட்டின் இரண்டாவது பெரிய குழுமம். கடன் மேல் கடன் வாங்கி விரிந்தது, 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் தாக்குப்பிடிக்க முடியாமல் 1999இல் உடைந்தது.

உங்கள் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஹைனிக்ஸ் கதையை. 1983இல் ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் என்று இச்சோன் ஊரில் தொடங்கிய கம்பெனி அது. 1999இல், அரசின் அழுத்தத்தால் நடந்த ஏற்பாட்டில், எல்.ஜி.யின் சிப் கம்பெனி இதோடு சேர்ந்தது. 2001இல் கடன் கழுத்தை நெரிக்க, ஹூண்டாயிலிருந்து பிரிந்து கடன் கொடுத்த வங்கிகளின் கைக்குப் போனது. மறு வருடம் அமெரிக்காவின் மைக்ரானுக்கு விற்கும் பேச்சு கடைசிக் கட்டம் வரை வந்து, இயக்குநர் குழு மறுத்ததால் நின்றது. 2012இல் எஸ்.கே வாங்கியது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கான எச்.பி.எம். என்ற அதிவேக நினைவகத்தில் உலகின் முன்னணியில் நிற்பது இந்தக் கம்பெனிதான். ஆரம்பத்திலேயே சேர்ந்த ஒரு இன்ஜினியர் இச்சோனை விட்டு நகராமலே வாசலில் பெயர்ப்பலகை மாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார். அவரைக் காப்பாற்றியது கையில் இருந்த டிராம் (DRAM) என்ற நினைவகச் சிப் பற்றிய அறிவு. அதனால் "எந்தக் கம்பெனி" என்பதை விட "எந்தத் தொழில்நுட்பம்" என்று அவளிடம் முதலில் கேளுங்கள். சாம்சங் குழுமத்தில் மட்டும் ஏறக்குறைய 60 கம்பெனிகள் இருக்கின்றன. காப்பீடு, கட்டுமானம், கப்பல் எல்லாமே சாம்சங்தான்.

குழுமத்தால் நன்மையும் உண்டு. 2021இல் எல்.ஜி. செல்போன் தொழிலை மூடியபோது அங்கிருந்த ஊழியர்களை வேறு பிரிவுகளுக்கும் துணை நிறுவனங்களுக்கும் மாற்றினார்கள்.

அடுத்து, உள்ளே நுழைவது. நான்கு பெரிய குழுமங்களில் சாம்சங் மட்டும் 1957இல் தொடங்கிய பொது ஆள்சேர்ப்பை இன்னும் நடத்துகிறது. ஜிசாட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. ஹூண்டாய் மோட்டார் 2019இல் அந்த முறையைக் கைவிட்டது, எல்.ஜி.யும் எஸ்.கே.யும் பின்தொடர்ந்தன. இப்போது அந்தந்தப் பிரிவே தனக்கு வேண்டிய ஆளைத் தேடுகிறது. எம்.எஸ். முடித்து ஆராய்ச்சிக் கட்டுரையோடு வருபவளுக்கு இது சாதகம்தான்.

பெண் பிள்ளை என்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண், பெண் சம்பள இடைவெளியில் வளர்ந்த நாடுகளிலேயே கொரியாதான் பல ஆண்டுகளாக மோசம், கிட்டத்தட்ட 30 சதவீதம். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸில் முதலாளி குடும்பத்தைச் சேராத ஒரு பெண் பிரசிடெண்ட் பதவிக்கு வந்ததே 2022 டிசம்பரில்தான். வேலை நேரத்துக்கு 2018 முதல் வாரம் 52 மணி என்று சட்ட வரம்பு இருக்கிறது. அப்புறம் தொழிற்சங்கம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024இல் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த போராட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கொரியாவிலேயே, சங்கமே கூடாது என்ற கொள்கையைக் கைவிடுவதாக லீ 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டுச் சொன்னார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அவள் போகட்டும்.

கொரிய உழைப்பாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிறு, நடுத்தர நிறுவனங்களில்தான் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் பெரிய கம்பெனியை விட நன்றாகவே குறைவு. அதனால் உள்ளூர்ப் பிள்ளைகள் பெரிய பெயருக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் சாம்சங்குக்கும் ஹைனிக்ஸுக்கும் கருவி செய்து தரும் நடுத்தர கம்பெனிகளில் சேர்ந்து இரண்டு, மூன்று வருடம் கற்றுக்கொள்வதை நான் கௌரவக் குறைவாக நினைக்கமாட்டேன். நீங்களும் உறவினர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கொரிய மொழியை இந்த மாதமே தொடங்கட்டும். சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரிய கலாசார மையத்தில் வகுப்புகள் இருக்கின்றன. டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் ஆறு நிலைகள், வேலை தேடும்போது நான்காவது கையில் இருந்தால் நல்லது. ஆய்வகத்தில் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், ஆனால் மீட்டிங்கும் மதியச் சாப்பாட்டுப் பேச்சும் கொரிய மொழியில்தான் நடக்கும். கடன் வாங்குவதற்கு முன் கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். முதல் வருடம் மொழிப் பயிற்சி, பிறகு முதுநிலைப் படிப்பு. அதற்குக் கல்லூரி மதிப்பெண் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பேராசிரியர்களுக்கு அவள் எழுதும்போது, உங்கள் ஆய்வகத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் நான்கைந்து பேரின் பட்டியலோடு வாருங்கள். மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.