வார்னிஷ் அடித்தும் பழுதாகும் டிரைவ் கார்டு

கேள்வி: திருமங்கலத்துக்கு அருகே நூல் சாயப்பட்டறை நடத்துகிறேன். சாயத் தொட்டிகளை ஒட்டிய சுவரிலேயே மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பேனல் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கினால் அதன் கார்டு (மின்சுற்றுப் பலகை) பழுதாகிறது. அதுவும் ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கள் காலையில் சுவிட்சைப் போடும்போதுதான். சென்ற முறை பழுது பார்த்த எலக்ட்ரீஷியன் கார்டின் மேல் பாதுகாப்பு வார்னிஷ் ஸ்பிரே அடித்துத் தந்தார். இரண்டே மாதத்தில் அதுவும் போயிற்று. இந்தப் பூச்சினால் உண்மையில் பயன் உண்டா, ஐயா?

பதில்: நிச்சயமாக உண்டு. ஆனால் உங்கள் கார்டில் பூச்சுக்கு அடியிலேயே பகை தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பட்டறைக் காற்றில் காஸ்டிக் சோடாத் திவலைகளும், ஹைட்ரோஸ் (சாயமிடப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) சிதையும்போது எழும் கந்தக டை ஆக்சைடும் இருக்கின்றன. இவை கார்டில் உப்பாகப் படிகின்றன. டிரைவ் ஓடும்வரை கார்டு சூடாக இருப்பதால் தொல்லை தெரிவதில்லை. ஞாயிறன்று ஆறியதும் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. திங்களன்று மின்சாரம் வந்தவுடன், அந்த ஈரப் படலத்தின் வழியே உலோக அயனிகள் கார்டின் ஒரு செம்புத் தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்ந்து படிகின்றன. பழுதான கார்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவே மயிரிழையினும் மெல்லிய, கிளைவிட்ட உலோகக் கொடி தெரியக்கூடும். ஷார்ட் ஆவது அதனால்தான்.

எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை. மெதுவாகவேனும் உள்ளே விடும். அடியில் உப்போ, சால்டர் வைக்கும்போது இடும் பிளக்ஸின் எச்சமோ இருந்தால், அது அந்த ஈரத்தை ஈர்த்து, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஆகவே முக்கால் பங்கு வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு, ஐசி கால்களின் இடுக்கு வரை, வடியும் திரவம் தெளிவாகும்வரை கழுவி, இளஞ்சூட்டில் நன்றாக உலர்த்த வேண்டும். கனெக்டர், ரிலே, பிரீசெட் (திருகி அளவு மாற்றும் சிறு மின்தடை), வெப்பத்தைக் கடத்தும் ஹீட்சிங்க் பொருந்தும் பரப்பு ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்த பிறகே ஸ்பிரே செய்ய வேண்டும். ஒரே தடித்த பூச்சைவிட, திசை மாற்றி அடித்த இரண்டு மெல்லிய பூச்சுகள் மேல். பல ஸ்பிரேக்கள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். பூச்சு எளிதில் விலகும் கால் முனைகளை அவ்வொளியில் பாருங்கள்.

அக்ரிலிக் பூச்சு தின்னரில் கரையும்; பழுது பார்க்க எளிது. பாலியூரித்தேன் ரசாயனத்தை நன்கு தாங்கும், ஆனால் நீக்குவது கடினம். சிலிக்கோன் 200 டிகிரி வரை தாங்கினாலும் கந்தக வாயுக்களைத் தடுக்காது என்பதால், உங்கள் பட்டறைக்குப் பாலியூரித்தேனையே சொல்வேன். புதிய டிரைவ் வாங்கும்போது அரிக்கும் வாயுக்களைத் தாங்குவதைக் குறிக்கும், ஐஇசி 60721-3-3 என்ற சர்வதேசத் தரத்தின் 3சி3 வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்; தயாரிப்பாளரே பூசித் தரும் கார்டுக்குக் கைவேலை ஈடாகாது.

கார்டைக் கழற்றுமுன் கவனம் தேவை: மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் தங்கும். முடிந்தால் பேனலைத் தனி அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், உள்ளே ஒரு சிறிய பேனல் ஹீட்டரைப் பொருத்தி, ஞாயிறன்று மெயினை நிறுத்தினாலும் அதற்கு மட்டும் மின்சாரம் வரும்படி தனி இணைப்புக் கொடுங்கள்.