தபால்தலை ஆல்பங்களை யாரிடம் விட்டுச் செல்வது?

கேள்வி: எனக்கு வயது 74. பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்க்கிறேன். அலமாரி நிறைய ஆல்பங்கள். போருக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து அப்பாவுக்கு வந்த கடிதங்கள் உறையோடு ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மனைவி காலமாகிவிட்டார். மகன் மெல்பர்னில், மகள் கிள்ளானில். இருவருக்கும் இதில் நாட்டமில்லை. எனக்குப் பிறகு எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுமோ?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, பழைய பேப்பர் கடையைவிட எனக்குப் பயம் பாசமுள்ள பிள்ளைகளிடம்தான். செந்தூலில் என் நண்பர் ஒருவர் இறந்த பிறகு, அப்பாவின் ஆசையாயிற்றே என்று அவர் மகன் பழைய உறைகளிலிருந்து தபால்தலைகளை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, புது ஆல்பத்தில் அழகாக ஒட்டிவைத்தார். உறையில் இருந்த கப்பல் தபால் முத்திரை, அனுப்பிய ஊர், வந்து சேர்ந்த தேதி எல்லாம் குப்பைக்குப் போயின. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே முதலில் எழுதுங்கள். விலைப் பட்டியல் பிறகு இருக்கட்டும். எது ஏன் முக்கியம் என்று அந்தந்தப் பக்கத்திலேயே ஒரு துண்டுத் தாள் வையுங்கள். 1942-ல் ஜப்பானியர் ‘டாய் நிப்பான் 2602 பினாங்’ என்று மேலச்சிட்ட, அதாவது ஏற்கெனவே அச்சான தலையின் மேலேயே மறுபடி அச்சடித்த, ஆங்கிலேயர் கால ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் தலைகள் பினாங்குக்காரரான உங்களிடம் இல்லாமலா இருக்கும்? 2602 என்பது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. மகள் பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். ஜப்பானியர் கால மேலச்சுகளில் போலிகளும் உண்டு. நிபுணர் சான்றிதழ் வாங்கியிருந்தால் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கோப்பில் வேண்டாம். யாரிடம் வாங்கினீர்கள் என்பதையும் குறியுங்கள். ஆல்பங்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் புதுத் தலைகளின் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் முஸ்லிம் அல்லாதவர் என்று வைத்துச் சொல்கிறேன். உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. வீட்டை விற்றுப் பங்கு போடலாம்; வரிசையாகச் சேர்த்த ஆல்பத்தைப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். உயிலில் ஆல்பங்களுக்கென்று ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். அதற்கு முன் அவரிடமே நேரில் கேளுங்கள். ‘வேண்டாம்பா’ என்றால் வருத்தப்படாதீர்கள். நல்லவற்றை நீங்கள் கையும் காலும் நன்றாக இருக்கும்போதே ஏலத்துக்குக் கொடுத்துவிடலாம். தரம் பார்த்துப் பேச உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கேட்லாக்கில், அதாவது தபால்தலை விலைப் புத்தகத்தில், போட்டிருக்கும் விலை கைக்கு வராது, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். எண்பதுகளின் முதல்நாள் உறைகளில் (தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்திய உறைகள்) பெரும்பாலானவை விலை போகாது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பிஸ்கட் டின்னை மட்டும் விற்க வேண்டாம். உள்ளே இருக்கும் கடிதத்தோடு அந்த உறைகள் நம் மக்கள் கடல் தாண்டி வாழ்ந்ததற்குச் சாட்சி. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அர்கிப் நெகாரா, தனிநபர் ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறது. எழுதிக் கேளுங்கள்.

உயிலில் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க, அவர்கள் கண்முன் நீங்கள் கையெழுத்திட வேண்டும். மகளுக்கு எழுதுவதானால் மகளையோ மருமகனையோ சாட்சியாகப் போடாதீர்கள். போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் போதும்.