ஒரு பயிற்சிக்கு ஒரு பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியராகப் பணியாற்றுகின்றேன். அதிகாலையில் ஏ9 வீதியால் பரந்தன் வரை துவிச்சக்கர வண்டியில் போய் வருவேன். விடுமுறை நாள்களில் இரணைமடுக் குளக்கட்டில் நடப்பேன். கையில் ஜிபிஎஸ் கடிகாரமும் சட்டைப்பையில் அன்ட்ரொயிட் தொலைபேசியும் இருக்கும். இரண்டிலும் பதிவைத் தொடக்குவது என் வழக்கம். எல்லாச் செயலிகளையும் ஒன்றோடொன்று இணைத்த பின்னர், ஒரே பயணம் 9.8 கிலோமீற்றர் என்றும் 10.1 கிலோமீற்றர் என்றும் இரண்டு முறை பதிவாகிறது. மாத மொத்தம் இரட்டிப்பாகிவிட்டதால், நான் கணக்கைக் கூட்டிக் காட்டுவதாக எங்கள் ஆசிரியர் குழுவில் கேலி எழுந்துள்ளது. இதற்கு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கருவிகள் எதிலும் பழுதில்லை. ஒரே பதிவு இரண்டு வழிகளால் வந்து சேர்ந்திருந்தால் இரு தூரங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். அவை வேறுபடுவதால், கடிகாரமும் தொலைபேசியும் தனித்தனியே அளந்த இரண்டு பதிவுகள்தாம் அவை என்று கொள்ளலாம். பயிற்சிகளைப் பதிந்து நண்பர்களோடு பகிர உதவும் ஸ்ட்ராவா போன்ற செயலிகள், ஏற்கெனவே தம்மிடம் உள்ள அதே கோப்பு மீண்டும் வந்தால் அதனை ஏற்பதில்லை; ஆனால் தொடங்கிய விநாடியும் தூரமும் பாதையின் புள்ளிகளும் வேறுபடுகின்ற இரண்டு கோப்புகளை அவை இரண்டு பயிற்சிகளாகவே எடுத்துக்கொள்ளும்.

இங்கே பலரையும் குழப்புகின்ற ஒரு வேறுபாடு உண்டு. காலடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரையில், பல செயலிகளின் உடல்நலத் தரவுகளை ஓரிடத்தில் சேர்க்கின்ற அன்ட்ரொயிட்டின் ஹெல்த் கனெக்டும் ஐபோனின் அப்பிள் ஹெல்த்தும் எந்த மூலத்துக்கு முன்னுரிமை என்ற வரிசையொன்றை வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இரு கருவிகள் எண்ணியவற்றை இரு முறை கூட்டாமல் மொத்தம் காட்டுகின்றன. ஆகவே, காலடிக் கணக்குச் சரியாக இருப்பதைப் பார்த்து, பயிற்சிக் கணக்கும் அவ்வாறே தானாகச் சீராகிவிடும் என்று நம்பிவிடுகிறோம். ஓட்டம், நடை, சைக்கிள் பயணம் என்று தொடக்கமும் முடிவும் கொண்டு பதிவாகின்ற பயிற்சிகளோ, ஒவ்வொரு செயலியும் தன் பெயரில் எழுதிவைக்கும் தனித்தனிப் பதிவுகளாகவே கிடக்கின்றன.

இணைப்புகளைக் குளத்து நீரைப் போல ஒரே திசையில் விடுங்கள்: குளத்திலிருந்து பெருவாய்க்கால், அதிலிருந்து கிளைவாய்க்கால், பின்னர் வயல், வயலிலிருந்து எவரும் குளத்துக்கு நீர் இறைப்பதில்லை. உங்களுக்குக் குளம் கடிகாரமே, ஏனெனில் இதயத்துடிப்பும் அதில்தான் பதிவாகிறது. தொலைபேசியில் பதிவைத் தொடக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். பின்னர் ஹெல்த் கனெக்டைத் திறந்து, ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்துள்ள அனுமதிகளைப் பாருங்கள். (அன்ட்ரொயிட் 14 முதல் இது தொலைபேசியின் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு முந்திய பதிப்புகளில் தனியே நிறுவ வேண்டும்.) அங்கே படிக்கும் அனுமதியும் எழுதும் அனுமதியும் வெவ்வேறாக இருக்கும். பயிற்சி, தூரம், இதயத்துடிப்பு ஆகியவற்றை எழுதும் அனுமதி கடிகாரத்தின் செயலிக்கு மட்டும் இருக்கட்டும். ஏனையவை படித்தால் போதும். பகிரும் செயலி கடிகாரத்தோடு நேரடியாக இணைந்திருக்குமானால், ஹெல்த் கனெக்ட் வழியாகவும் அதே பயிற்சிகளை அதற்கு அனுப்ப வேண்டியதில்லை. ஐபோன் வைத்திருப்போருக்கும் இதுவே விதி: ஸ்ட்ராவா அப்பிள் ஹெல்த்திலிருந்தும் பயிற்சிகளை எடுக்கக்கூடியது என்பதால், அங்கேயும் இரண்டில் ஒரு வாயிலை மூடிவிட வேண்டும்.

பழைய இரட்டைகளை நீங்களே கையால் நீக்க வேண்டியிருக்கும். இதயத்துடிப்பு உள்ளதை வைத்துக்கொண்டு மற்றையதை நீக்குங்கள். ஓரிடத்தில் நீக்கினால் மற்ற இடத்திலும் அது தானாக நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம்; கார்மின் கடிகாரங்களின் செயலியில் நீக்கிய பயிற்சி ஸ்ட்ராவாவில் அப்படியே இருக்கும், மறுபக்கமும் அவ்வாறே. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைப்பதால் எல்லாம் சீராகும் என்று நண்பர்கள் சொன்னாலும் அவசரப்படாதீர்கள், ஏனெனில் புதிதாக இணைக்கும்போது சில செயலிகள் கடந்த சில மாதப் பயிற்சிகளையும் சேர்த்து இழுக்கட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் சம்மதித்தால் நீக்கியவையெல்லாம் திரும்பி வந்துவிடக்கூடும்.

அந்த 300 மீற்றர் வேறுபாட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம். திறந்த வானத்தின் கீழ்த் தொலைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீற்றர் வரை பிசகுவது இயல்பு. மின்கலச் சேமிப்பு முறை இயங்கினால் தொலைபேசி இடையிடையே இடங்குறிப்பதை விட்டுவிடுவதும் உண்டு. நான் நம்பாத எண் ஒன்று இருக்கிறதென்றால், அது ஏறிய உயரம். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அறியும் காற்றழுத்தமானி இல்லாத கருவி ஜிபிஎஸ் உயரத்தின் சிறுசிறு பிசகுகளையும் கூட்டிக்கொண்டே போவதால், மேசைபோல் கிடக்கும் வன்னி வீதியிலும் நீங்கள் ஏதோ மலையேறி வந்ததாகக் காட்டிவிடும்.

கேள்வி: காலை 5 மணிக்கு ஓடிய ஓட்டத்தை ஒரு செயலியிலிருந்து கோப்பாக எடுத்து வேறொரு செயலியில் ஏற்றினேன். அது முந்தைய நாள் இரவு 11.30 என்று காட்டுகிறது. கிழமைக் கணக்கும் பிழைத்துவிட்டது. (மாங்குளம் வாசகர்)

பதில்: சென்ற பாதையைச் செயலிகள் பரிமாறிக்கொள்ளும் ஜிபிஎக்ஸ் வகைக் கோப்புகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது; நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஏற்றுக்கொள்ளும் செயலி அதனை இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே காட்டினால், காலை 5.30 மணிக்கு முன்னர் தொடங்கியதெல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடும். ஞாயிறு, திங்களுக்கிடையில் இது நேர்ந்தால் கிழமையும் மாறிவிடும். அச்செயலியின் கணக்கு அமைப்பில் நேர வலயம் கொழும்பு என்று உள்ளதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மாற்றுங்கள். அதன் பின்னரும் பிசகினால் அந்தப் பயிற்சியின் தொடக்க நேரத்தைக் கையால் திருத்தலாம். 1996 இல் நாட்டின் மணிக்கூடுகள் முன்னே தள்ளப்பட்டு, 2006 இல் பழைய நேரம் திரும்பும் வரை, வன்னியின் பெரும்பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரு நாளுக்கு இரண்டு நேரம் இருப்பது எத்தகைய தொல்லை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அப்பால் நான் ஓடும் காட்டுப் பாதையில் சிக்னல் கிடைப்பதில்லை. பதிவு அழிந்துவிடுமா? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: அழியாது. செய்மதியின் சமிக்ஞையைப் பெறுவதற்கு டேட்டா தேவையில்லை. வரைபடத்தின் பின்னணி வெறுமையாக இருந்தாலும் பாதை பதிவாகிக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதனைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, புளூடூத் வழியாகத் தொலைபேசிக்குக் கொடுத்து, இணையம் கிடைத்ததும் அது மேலே செல்லும். 2020 யூலையில் இணையத் தாக்குதலொன்றால் கார்மின் நிறுவனத்தின் சேவைகள் சில நாள்கள் முடங்கியபோது, கடிகாரங்களில் சேர்ந்திருந்த பயிற்சிகள் சேவை மீண்ட பின்னர் ஏறின; பொறுமையில்லாதவர்கள் கடிகாரத்தைக் கணினியோடு கம்பியால் இணைத்துக் கோப்பை எடுத்து ஸ்ட்ராவாவில் நேரடியாக ஏற்றிக்கொண்டார்கள். மேலேறாத பயிற்சி உள்ளே இருக்கையில் கடிகாரத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதும், தொலைபேசியில் பதிந்திருந்தால் அந்தச் செயலியை அழிப்பதுமே ஆபத்தானவை. ஒரு சிறு சிரமம் மட்டும் உண்டு: செய்மதிகளின் இருப்பிட விபரம் இணையத்தால் வராதபோது கருவி அதனைச் செய்மதியிலிருந்தே வாங்க வேண்டும்; ஒரு செய்மதி தன் விபரத்தை மீண்டும் மீண்டும் ஏறத்தாழ 30 விநாடிக்கொரு முறை ஒலிபரப்புகிறது. ஆகவே மரநிழலுக்குள் நுழைவதற்கு முன்னர், வெளியான இடத்தில் சற்று நேரம் அசையாமல் நின்று, இடம் பிடிபட்ட பின்னர் ஓடத் தொடங்குங்கள்.

கேள்வி: என் நடைப் பயிற்சியின் வரைபடத்தில் எங்கள் வீட்டுப் படலை தெளிவாகத் தெரிகிறது. ஒரு செயலியில் மறைத்துவிட்டேன், போதுமா? (வவுனியா வாசகி)

பதில்: போதாது. ஒரு செயலியில் நீங்கள் செய்த மறைப்பு, அடுத்த செயலிக்குப் பயிற்சியோடு கூடச் செல்வதில்லை; தொடக்கமும் முடிவும் உள்ள முழுப் பாதையே அங்கே போய்ச் சேர்கிறது. இணைத்த ஒவ்வொன்றிலும் தனித்தனியே, பயிற்சியைப் பார்க்கக்கூடியவர் நீங்கள் மட்டும் என்று அமையுங்கள். தோழியரோடு பகிர விரும்பினால் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பயன்பாட்டில் இல்லாத செயலிகளின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், பயனர்களின் ஓட்டப் பாதைகள் இராணுவ முகாம்களின் உட்புற வடிவத்தையே காட்டிக்கொடுத்தமை 2018 சனவரியில் பெரும் செய்தியானது. அந்த வரைபடத்தில் எவருடைய பெயரும் இருக்கவில்லை.