நீ யாரு வீட்டுப் புள்ள?

போன இதழ்ல கனடா யூனிவர்சிட்டிங்கள்ல நடக்குற "போலி பூர்வகுடி" கூத்து பத்தி, அதாவது பூர்வகுடியே இல்லாதவங்க பூர்வகுடின்னு சொல்லி வேலை வாங்குறது பத்தி, ரெண்டே வரி எழுதினேன், அதுக்கே கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்த தடவை முழுக்க இது மட்டும்தான், சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

? பூர்வகுடின்னு பொய் சொல்லி ப்ரொஃபசர் வேலை வாங்க முடியுமா? நம்ம ஊர் மாதிரி கம்யூனிட்டி சர்டிபிகேட் கேக்க மாட்டாங்களா?
(வாசகர், நாமக்கல்)

கேக்காமத்தாங்க இருந்தாங்க. நம்ம ஊர்ல எஸ்.டி. சர்டிபிகேட்டுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து செருப்பு தேயும், அங்க நிறைய யூனிவர்சிட்டில அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது. படிச்சவங்க, இதுல போய் பொய் சொல்லுவாங்களான்னு ஒரு நினைப்பு. பூர்வகுடி குழந்தைங்கள விடுதிப் பள்ளிங்கள்ல அடைச்சு வச்ச கொடுமையை விசாரிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல 94 பரிந்துரை குடுத்துச்சு, அதுக்கப்புறம் பூர்வகுடி ஆசிரியர்களை எடுத்தே ஆகணும்னு யூனிவர்சிட்டிங்க போட்டி போட்டு போஸ்ட் அறிவிச்சாங்க. 2021 சென்சஸ்படி நாட்டுல பூர்வகுடிங்க 18 லட்சம் பேர், அதாவது 5 சதவீதம், அதுல பிஎச்.டி. முடிச்சவங்க எவ்வளவு பேர் இருப்பாங்க, போஸ்ட் நிறைய ஆள் கம்மின்னா என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா?

? பெருசா மாட்டுனது யாரு?
(வாசகி, திருச்சி)

கேரி பூரஸா. கனடாவோட சஸ்காச்சவன் மாகாண யூனிவர்சிட்டில ப்ரொஃபசரா இருந்தவங்க, அது மட்டுமில்ல, பூர்வகுடிங்க ஆரோக்கியத்துக்கான தேசிய ஆராய்ச்சி அமைப்புக்கே சயின்டிஃபிக் டைரக்டர். மெட்டி (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து உருவான இனம்), அனிஷினாபே, ட்லிங்கிட்னு மூணு பூர்வகுடி வேர் இருக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2019ல ஒரு மேடையில சால்வை போத்தி கையில இறகு வச்சுக்கிட்டு கண் கலங்க பேசினாங்க. 2021 அக்டோபர்ல கனடாவோட அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி அவங்க வம்சாவளியை தோண்டி எடுத்துச்சு, பார்த்தா தாத்தா பாட்டி வழி முழுக்க கிழக்கு ஐரோப்பாவுல இருந்து வந்து குடியேறினவங்க. எங்க தாத்தா இறந்தப்புறம் அவரோட மெட்டி நண்பர் ஒருத்தர் என்னை தத்தெடுத்துக்கிட்டாருன்னு அவங்க பதில் சொன்னாங்க. லீவுல அனுப்பினாங்க, 2022 ஜூன்ல ராஜினாமா.

இதுல எனக்கு உறைச்சது என்னன்னா, முதல்ல சந்தேகப்பட்டு தேட ஆரம்பிச்சது கூட வேலை பார்த்த பூர்வகுடி பெண்கள்தான், மேனேஜ்மென்ட் இல்ல. அவங்க மொழியில "நீ யாரு, எங்க இருந்து வர்ற"ன்னு கேக்குறது மரியாதையான விசாரிப்பு. நம்ம கிராமத்துல திண்ணையில உக்காந்திருக்குற பெருசு "நீ யாரு வீட்டுப் புள்ள"ன்னு கேக்கும்ல, அதேதான். அந்த கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற பதில் வந்தா யாருக்குத்தான் இடிக்காது?

? நீ பூர்வகுடிதான்னு அரசாங்கமே ஸ்டேட்டஸ் கார்டு குடுக்குதே, அதை காட்டு வேலை எடுத்துக்கோன்னா பிரச்சனை ஓவர்தானே?
(வாசகர், கோவை)

அங்கதான் சிக்கல். அந்த கார்டு யாருக்குன்னு முடிவு பண்றது 1876ல வந்த இந்தியன் ஆக்ட் (இந்த "இந்தியன்" நாம இல்ல, அங்க உள்ள பூர்வகுடிங்களுக்கு சட்டம் வச்ச பேரு). அந்த சட்டத்தோட லட்சணத்தை கேளுங்க, யூனிவர்சிட்டில டிகிரி வாங்கினா, வக்கீல் ஆனா, பாதிரியார் ஆனா நீ இனிமே "இந்தியன்" இல்லன்னு பேரை எடுத்துருவாங்களாம், அதான் முதல்ல எழுதி வச்சிருந்த விதி! படிச்சா அடையாளம் போச்சுன்னு சட்டம் போட்ட அதே நாட்டுல இன்னைக்கு அந்த அடையாளத்துக்கு யூனிவர்சிட்டி வேலை. அப்புறம், ஸ்டேட்டஸ் உள்ள பொண்ணு வெளியாளை கட்டிக்கிட்டா அவளுக்கு ஸ்டேட்டஸ் போயிரும், ஸ்டேட்டஸ் உள்ள ஆம்பளை வெள்ளக்காரியை கட்டினா அவளுக்கு ஸ்டேட்டஸ் கிடைச்சிரும். 1985ல திருத்துற வரைக்கும் இப்படித்தான். அறுபதுகள்ல ஆயிரக்கணக்கான குழந்தைங்கள வீட்ல இருந்து தூக்கிட்டு போய் வெள்ளக்கார குடும்பங்களுக்கு தத்து குடுத்துட்டாங்க, அந்த குழந்தை இப்ப வளர்ந்து வந்து வேலை கேட்டா கையில என்ன பேப்பர் இருக்கும்? மெட்டி ஆளுங்களுக்கும் வட துருவப் பக்கத்து இனுயிட் ஆளுங்களுக்கும் இந்த கார்டே கிடையாது. ஆக கார்டு மட்டும் கேட்டா ஏற்கனவே அடிபட்டவங்களே திரும்ப அடிபடுவாங்க.

? டிஎன்ஏ டெஸ்ட்?
(வாசகர், சேலம்)

வேலைக்காகாது. அமெரிக்காவுல எலிசபெத் வாரன்னு ஒரு செனட்டர், செரோக்கி பூர்வகுடி வம்சம்னு சொல்லிட்டு இருந்தவங்க, 2018ல டெஸ்ட் ரிசல்ட் வெளியிட்டாங்க, அந்த மக்களோட சொந்த அரசான செரோக்கி நேஷனே அதெல்லாம் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாதுன்னு கடுப்பாயிருச்சு. ரத்தத்துல ஏதோ ஒரு துளி இருக்குறது வேற, அந்த ஊர் உன்னை எங்க ஆளுன்னு சொல்றது வேற.

? எங்க கொள்ளுப்பாட்டி பூர்வகுடின்னு வீட்ல சொல்லி வளர்த்தா அதை நம்புனவனும் ஃப்ராடா?
(வாசகி, ஸ்கார்பரோ)

இல்லைங்க, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரல. அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டில எலிசபெத் ஹூவர்னு ஒரு ப்ரொஃபசர், மோஹாக், மிக்மாக் பூர்வகுடின்னு சொல்லித்தான் வீட்ல வளர்த்தாங்களாம், தேடிப் பார்த்தா ஆதாரமே இல்ல, 2023ல பகிரங்கமா மன்னிப்பு கேட்டாங்க. ஆனா வீட்டுக்கதையை நம்புறது ஒன்னு, அதை செக் பண்ணாமலே அந்த மக்களுக்குன்னு ஒதுக்கின சீட்ல உக்கார்றது இன்னொன்னு. கல்யாணத்துக்கே நாலு வீட்ல விசாரிக்கிறோம்!

? அப்போ இப்ப எப்படித்தான் செக் பண்றாங்க?
(வாசகர், மதுரை)

சஸ்காச்சவன்ல சூடு பட்டதும் 2022 ஜூலைலயே புது விதி கொண்டு வந்தாங்க, வெறும் டிக் செல்லாது, ஒரு பூர்வகுடி சமூகத்துல உறுப்பினர்னு பேப்பர் காட்டணும், பேப்பர் இல்லாதவங்க விஷயத்தை பூர்வகுடி ஆளுங்களே இருக்குற கமிட்டி பாக்கும். என் ஓட்டு இந்த ரெண்டாவது பாகத்துக்குத்தான். எச்.ஆர். ஆபீசருக்கு யாரு க்ரீ பூர்வகுடி, யாரு மெட்டின்னு எப்படி தெரியும், அந்த ஊர் பெரியவங்களுக்கு தெரியும். மெதுவாத்தான் நடக்கும், சொந்த பகையும் உள்ள வரும், இருந்தாலும் வேற வழி எனக்கு தோணல.

? பரவால்ல, நம்ம ஊர் சிஸ்டம் பெட்டர்னு சொல்லுங்க!
(வாசகர், ஈரோடு)

அவசரப்படாதீங்க. 1994லயே மாதுரி பாட்டில்ங்கிற போலி சர்டிபிகேட் வழக்குல சுப்ரீம் கோர்ட் சரிபார்ப்பு கமிட்டி வைக்க சொல்லிச்சு, போலி சர்டிபிகேட்ல வாங்கின வேலை நிக்காதுன்னு 2017ல திரும்பவும் சொல்லிச்சு. ஆனா சர்வீஸ் முடியிற வரைக்கும் விசாரணையே முடியாத கேஸுங்களும் இருக்கு. இன்னொரு பக்கம் நிஜமான காட்டுநாயக்கர் பழங்குடி வீட்டுப் புள்ள பிளஸ் டூ முடிச்சிட்டு சர்டிபிகேட் வராம காலேஜ் வாசல்ல நிக்குது.