'ஏர்' என்ற சொல்லுக்குள் உங்கள் அக்காவும் உண்டு

வணக்கம் தம்பி. அப்பா உயில் எழுதாமல் தவறிவிட்டார், மன்னார்குடி பக்கம் ஒன்பது மா நஞ்சை, வங்கியில் கொஞ்சம் பணம். ஆங்கிலப் படிவத்தில் 'லீகல் ஹேர்', அதாவது சட்டப்படியான வாரிசு, என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதலாமா, அக்காதான் கல்யாணமாகிப் போய்விட்டாரே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி எழுதாதீர்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்து ஒலிக்காது. கிட்டத்தட்ட நம் வயலில் ஓடும் 'ஏர்' மாதிரிதான் சொல்ல வேண்டும். ஆனால் ஏர் பிடித்தவர் மட்டும் வாரிசு என்று அர்த்தமில்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்பதால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மகன், மகள், மனைவி, இறந்தவரின் தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் அம்மாவும் அப்பாயியும் இருக்கிறார்களே, அவர்களையும் எழுதுங்கள். கல்யாணம் மகளின் பெயரை அடித்துவிடாது. எங்கள் வீட்டிலேயே அத்தை பெயரை விட்டு எழுதிய மனு, சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது. அத்தை அன்று ஒன்றும் பேசவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், வங்கிக் கணக்கில் குறிக்கப்படும் 'நாமினி' வேறு, வாரிசு வேறு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான்.

தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று கேட்கும்போதே எல்லோர் பெயரையும் கொடுங்கள். அக்கா மனமுவந்து பங்கு வேண்டாமென்றால், பிறகு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரலாம்.