முத்திரை குத்தும் கை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், பள்ளி நாளிலிருந்து ஒரே வீடியோ கேமைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறான். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று பெயர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதுதான் விளையாட்டே. கேட்டால் "இதில் சமூகக் கருத்து இருக்குப்பா" என்கிறான். கேமில் என்ன சமூகக் கருத்து? நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், புத்தி உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லூகாஸ் போப் என்பவர் 2013-இல் வெளியிட்ட கேம் அது. கதை 1982-இல், ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. விளையாடுகிறவர் எல்லைச் சாவடி அதிகாரி. வரிசையில் வருகிறவர்களின் தாள்களைப் பார்த்து உள்ளே விட வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். ஆளுக்கு 5 கிரெடிட் (கேமில் வரும் பணம்) கூலி. வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, மருந்து எல்லாம் அதிலிருந்துதான். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா.

ஆரம்ப நாட்களிலேயே ஒருவர் வருவார். அவர் தாள்கள் சரியாக இருக்கும். அடுத்து வரும் தன் மனைவியிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும்படி கேட்டுவிட்டு உள்ளே போவார். அந்தப் பெண்ணிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இருக்காது. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுவார். உள்ளே விட்டால், விதிமீறல் சீட்டு ஒன்று உடனே அச்சாகி மேசைக்கு வந்துவிடும். ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டுக்கு எச்சரிக்கையோடு சரி. மூன்றாவதிலிருந்து அபராதம்.

இங்கேதான் அந்த கேம் ஆளைப் பிடிக்கிறது. கண் அசந்து ஏற்கனவே இரண்டு தப்பு விட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு இரங்குவது வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்கும். கொஞ்ச நாளில், 'இன்றைக்கு இன்னும் ஒரு தப்புக்கு இடம் இருக்கிறது, இவரை விடலாம்' என்று மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். சர்வாதிகாரி யாரும் பக்கத்தில் நின்று மிரட்டுவதில்லை. வாடகை பாக்கி ஒன்றே போதும். அப்புறம் ஒரு காவலர், ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பங்கு தருவதாகச் சொல்வார். திருப்பி அனுப்பினாலே போதும் என்கிற ஆளையும் பிடித்துக் கொடுக்கக் கை போகும். அதிகாரத்தைத் திட்டி நானும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். படிக்கிறவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். இதில் அது முடியாது, திருப்பி அனுப்பும் சிவப்பு முத்திரையைக் குத்தியது விளையாடுகிறவர் கை.

நம் ஊர்க்காரருக்கா இது புரியாது? 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைக்கும் வரை, இங்கிருந்து கடலூர் போவது இன்னொரு நாட்டுக்குப் போவது. இன்றும் பாகூர் பக்கம் நடந்தால், எங்கே புதுச்சேரி முடிகிறது, எங்கே கடலூர் மாவட்டம் தொடங்குகிறது என்று வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட எல்லையில் 2020 ஊரடங்கின்போது தடுப்பு வைத்து இ-பாஸ் கேட்டார்கள். பாஸ் இல்லாதவரைத் திருப்பி அனுப்பிய காவலருக்கும் வீடு, வாடகை, மேலதிகாரி எல்லாம் இருந்திருக்கும். அவரைப் பற்றி யோசிக்கவும் உங்கள் மகன் இதில் பழகியிருக்கிறார்.

ஒரே கேமை ஏன் திரும்பத் திரும்ப என்கிறீர்களா? அதற்கு 20 முடிவுகள் இருக்கின்றன. 2022 முதல் செல்போனிலும் கிடைக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே விளையாடுங்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த முத்திரை குத்தினீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.