பரணில் இருக்கும் பையை இறக்குங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மலக்குடலில் புற்றுநோய். ஐந்து வாரம் தினமும் திருச்சிக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை ஒட்டுவார்கள், சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்கிறார் டாக்டர். மகனுக்கு மட்டும் தெரியும். மனைவியிடம் மூலம் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தால் உடைந்துபோவாள். என் அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் ஒற்றை ஆளாகப் பார்த்து நொந்தவள் அவள். பழகிப் பார்க்கச் சொல்லி நர்ஸ் கொடுத்த பையைக்கூட அவள் கண்ணில் படாமல் பரணில் சூட்கேஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மனதை எப்படித் தேற்றிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், துறையூர்

பதில்: மனதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பையைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

நர்ஸ் அதை எதற்குக் கொடுத்தார்? கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வயிற்றில் ஒட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க வேட்டி கட்டி, நடந்து, குனிந்து, படுத்துப் பார்ப்பதற்கு. எங்கே உறுத்துகிறது, எங்கே மடிகிறது என்பதைத் தைத்த வயிற்றோடு வார்டில் படுத்துக்கொண்டு கற்பது கஷ்டம். இப்போது எளிது. அறுவைக்கு முன் துளை வரவேண்டிய இடத்தில் பேனாவால் குறி போடுவார்கள். அது தொப்பை மடிப்பில் விழக்கூடாது. தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நெருக்கமாக இருக்கக்கூடாது. குனிந்து பார்த்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு பேண்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அன்றாடம் கட்டுகிற வேட்டியோடு போங்கள். மண்டியில் சம்மணமிட்டுத்தான் உட்காருவீர்கள் என்றால், அங்கேயும் அப்படியே உட்கார்ந்து காட்டுங்கள். வேட்டிக் கட்டு விழுகிற இடத்திலேயே துளை அமைந்துவிட்டால் அத்தனை மாதமும் அவதி உங்களுக்குத்தான்.

இனி உங்கள் மனைவி. உங்கள் அம்மாவின் மலத்தை எட்டு மாதம் அள்ளியவர் அவர். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளாவது, 'இவள் உடைந்துபோவாள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் எழுந்து போனீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அப்போது உடையாதவர் இப்போது மட்டும் உடைந்துபோவார் என்று எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? நீங்கள் காப்பாற்ற நினைப்பது அவரை இல்லை, அவர் கண்ணில் உங்களுக்கு இருக்கும் கம்பீரத்தை. இப்படிக் கடிதம் எழுதும் ஆண்கள் அநேகம் பேர். எல்லோரும் மனைவியின் மென்மையைத்தான் காரணம் காட்டுகிறார்கள்.

ஐந்து வாரம் தினம் திருச்சிக்குப் போய் வந்ததை மூலத்துக்கு வைத்தியம் என்று அவர் நம்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சோற்றை ஒதுக்கியது, உடம்பு இளைத்தது, பாத்ரூமில் நேரமானது, எல்லாம் ஒரே வீட்டில் நடந்தவை. அவர் கேட்காமல் இருப்பது, நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருப்பதாகவும் இருக்கலாம். நாளைக்கு வார்டில் போர்வையை விலக்கி, யாரோ ஒருவர் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. பெற்ற மகனை அம்மாவிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்கள். இந்தப் பாரத்தை அவன் தலையில் ஏற்ற உங்களுக்கு உரிமை கிடையாது.

நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் பொருள் எப்படி வந்தது தெரியுமா? டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். உடன்பிறந்தவளான தோராவுக்கு வயிற்றில் இப்படித் துளை வைக்க வேண்டிவந்தது. கசிவுக்குப் பயந்து தோரா வெளியே போவதையே விட்டுவிட்டார். எலிசே அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டு, பிறகு தூக்கிப்போட்டுவிடுகிற பையை 1954இல் யோசித்துக் கண்டுபிடித்தார். வீட்டு ஆள் ஒருவர் முகம் சுளிக்காமல் பார்த்ததால் பிறந்த பை அது.

ஆனால் மனைவிக்குச் சொல்வது வேறு, வேலையை அவர் தலையில் கட்டுவது வேறு. உங்கள் பையை நீங்கள்தான் காலி செய்யவேண்டும், நீங்கள்தான் மாற்றவேண்டும். கை கால் நன்றாக இருக்கிற ஆண், தன் கழிவைத் தான் சுத்தம் செய்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வார்டில் நர்ஸ் மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அந்தத் துளை வாயின் உட்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் பயமில்லை. கறுத்துப்போனால் மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். கனத்தால் ஒட்டு பிய்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். எண்ணெய், பவுடர் எதுவும் பூசினால் ஒட்டு பிடிக்காது. முதல் வாரங்களில் துளை சுருங்கிக்கொண்டே வரும், எனவே ஒட்டும் தகட்டில் வெட்டும் வட்டத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள். பழைய அளவிலேயே வெட்டினால் இடைவெளியில் மலம் பட்டுத் தோல் புண்ணாகும்.

சிறுகுடலில் வைக்கும் துளை என்பதால் தண்ணீராகத்தான் போகும். உங்கள் விஷயத்தில் பெரிய அபாயம் இதுதான். தண்ணீரோடு உப்பும் போய்விடும். சிறுநீர் குறைந்து, வாய் வறண்டு, எழுந்தால் தலை சுற்றினால், வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது உதவாது. ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில், சோளம் இவை அடைத்துக்கொள்ளும். சில வாரம் ஒதுக்கி வையுங்கள். பின்வழியாகச் சளிபோல ஏதாவது வந்தால் பதற வேண்டாம், அங்கே குடல் இன்னும் இருக்கிறது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தினமும் நடங்கள். மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்துகளை மேலே எழுப்பும் கருவி கொடுத்திருந்தால் அறுவைக்கு முன்பே பழகுங்கள், நுரையீரலுக்கு நல்லது.

'சில மாதம்தானே, அதுவரை மறைத்துவிடலாம்' என்று உள்ளே ஒரு எண்ணம் ஓடுகிறது. அறுவைக்குப் பின் கீமோ வேண்டியிருந்தால் மூடுவது தள்ளிப்போகும். சிலருக்கு மூடவே முடிவதில்லை. அத்தனை நாளும் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டா இருப்பீர்கள்?

இன்னொன்று. இது உங்களோடு முடிகிற ரகசியம் இல்லை. பெற்றவருக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே குடலைக் கருவி விட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் சோதனை வேண்டும். மூலம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தால், நாளைக்கு அவர்களுக்கும் ரத்தம் போகும்போது 'அண்ணனுக்கும் மூலம்தானே' என்று இருந்துவிடுவார்கள். உடன்பிறந்தவர்களுக்கு நீங்கள் செய்யவேண்டிய கடமையில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் சொல்லுங்கள். பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அவர் அழட்டும், திட்டட்டும். இத்தனை நாள் மறைத்ததற்கு நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். குறி போடும் நாளுக்கு இருவருமாகப் போங்கள். சர்ஜனிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மலக்குடலுக்கு அருகே ஓடும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் சிரமம் வரலாம், உங்களுக்கு அது எந்த அளவு என்று. கேட்க நாக்கு கூசும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். அந்தப் பதில் அவருக்கும் வேண்டியது.